சத்தம் வெளியே போகாத அறை

ஃப்யூஸ் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ரேடியோ, டி.வி., ஆம்ப்ளிஃபையர் என்று சத்தம் போடுகிற எதையும் பிரித்து மேய்ந்துவிடுவார். தொழிலை வைத்து வந்த பெயர் என்றுதான் புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். பழகியவர்களுக்குத்தான் தெரியும், அது கோபத்தை வைத்து வந்த பெயர். எதிரே நிற்பவர் பேசி முடிப்பதற்குள் இவருக்குப் பட்டென்று ஃப்யூஸ் போய்விடும். ஒருமுறை போனால் திரும்பப் போடுவதற்கு ஆள் கிடையாது. தங்கை வீட்டுக்காரரிடம் அப்படி ஃப்யூஸ் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

காரணம் கேட்டால் சின்னதாகத்தான் இருக்கும். தங்கையும் மாப்பிள்ளையும் வீடு வாங்கிய புதிதில், மாப்பிள்ளை தன்னோடு வேலை பார்ப்பவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் ஒரு பெரிய கிடங்கில் மேலாளர். அன்றைக்கு டி.வி.யைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்த ஃப்யூஸ் அண்ணனைக் காட்டி ஒருவர், "இவர் யாரு?" என்று கேட்டார். "நம்ம டி.வி. மெக்கானிக்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். மச்சான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயில் முத்தா உதிர்ந்திருக்கும்? ஃப்யூஸ் அண்ணன் டி.வி.யை நேராக மாட்டி, கையைக் கழுவிக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பினார். அதற்குப் பிறகு அந்த வாசல்படி மிதிக்கவில்லை. தங்கையோடு போனில் பேசுவதோடு சரி.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார் என்றால், மாப்பிள்ளை போனில் சொன்ன ஒரு வரிதான் காரணம்.

"மச்சான், ஹோம் தியேட்டர் தானா ஆஃப் ஆகுது. உங்க தங்கச்சிதான் உங்களக் கூப்பிடச் சொன்னா."

கதவைத் திறந்த மாப்பிள்ளை இளைத்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"அவ எங்க?"

"பாப்பாவ நீச்சல் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. வந்துடுவா. நீங்க வாங்க."

வீட்டின் கோடியில் இருந்தது அந்த அறை. முன்பு பார்த்தபோது ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்த அறை அது. இப்போது கதவே இரண்டு மடங்கு கனம், ஓரமெல்லாம் ரப்பர். வாசலில் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடை.

"போன இதுல போட்டுடுங்க மச்சான். உள்ள போன் இருந்தா ஸ்பீக்கர்ல கிர்ருனு ஒரு இரைச்சல் வருது."

அது போன் காரணமாக வருகிற இரைச்சல் இல்லை என்று ஃப்யூஸ் அண்ணனுக்குத் தெரியும். வந்ததும் வாக்குவாதம் வேண்டாம் என்று கூடையில் போட்டார். கருவிப் பை ஹாலில் செருப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. முதலில் காதால் கேட்டுவிட்டுப் பிறகு கை வைப்பதுதான் அவர் வழக்கம். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் மட்டும் இருந்தது.

உள்ளே போனதும் கதவு தன் கனத்திலேயே மூடிக்கொண்டது. அந்த நொடியில் தெருச் சத்தம், காக்காய்ச் சத்தம், பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தம் எல்லாம் கத்தரித்த மாதிரி நின்றன. நான்கு சுவரிலும் கூரையிலும் கறுப்பு ஸ்பான்ஜ். தரையில் கம்பளம். அவருக்குத் தன் மூச்சு தனக்கே கேட்டது. தொண்டையை ஒருமுறை கனைத்துக்கொண்டார். கனைத்த சத்தமும் வாயை விட்டு வெளியே வந்ததும் செத்துப்போனது.

"ஏ.சி. இல்லையா?"

"அதோட சத்தம் படத்துல கலக்குது. எடுத்துட்டேன்."

"ஜன்னல் ஒண்ணு இருந்துச்சே?"

"கல் வச்சுக் கட்டியாச்சு. மாடியில இருக்கற நர்ஸம்மா நைட் டியூட்டி பாத்துட்டு வந்து பகல்ல தூங்கறவங்க. சத்தம் சத்தம்னு மூணு தடவ சண்டைக்கு வந்துட்டாங்க. அதான் ஒரேயடியா அடைச்சுட்டேன். இப்ப குண்டு போட்டாக்கூட வெளிய கேக்காது." சொல்லும்போது மாப்பிள்ளை குரலில் பெருமை இருந்தது.

சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், மூலையில் அதிர்கிற சத்தத்துக்கென்று ஒரு பெரிய ஊஃபர். எல்லாவற்றையும் ஓட்டுகிற ரிசீவர் ஒரு மர அலமாரியில் இருந்தது. மாப்பிள்ளை ஒரு சண்டைக் காட்சியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார். இருபது நொடி நன்றாக ஓடியது. அடிவயிறு அதிர்ந்தது. பிறகு ரிசீவருக்குள் டக்கென்று ஒரு சத்தம். எல்லாம் நின்றது. அதன் கண்ணாடியில் 'ப்ரொடெக்ட்' என்று எழுத்து மின்னியது.

"தன்னத்தானே காப்பாத்திக்குது," என்றார் ஃப்யூஸ் அண்ணன். "எங்கேயோ ஷார்ட் ஆகுது. மீட்டர் வேணும், பைய எடுத்துட்டு வரேன்."

கதவின் கைப்பிடியைப் பிடித்து அழுத்தினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். கதவில் சதுரமாக ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. உள்பிடியையும் வெளிப்பிடியையும் சேர்க்கிற கம்பி மறுபக்கம் நழுவி விழுந்திருந்தது.

"இதுல ஒரு ஸ்க்ரூ இருக்கணுமே மாப்பிள்ள?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "ஊஃபர் அடிக்கும்போது பிடி கடகடன்னு ஆடிச்சு. அதான் ஸ்க்ரூவக் கழட்டிட்டு உள்ள கொஞ்சம் ஸ்பான்ஜ் வச்சேன்."

ஃப்யூஸ் அண்ணனுக்குப் பட்டென்று போகவேண்டிய நேரம். ஆனால் போகவில்லை. கோபத்துக்கு முன்னால் வேறொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. லிஃப்டில் ஏறாதவர் அவர். ஆறாவது மாடியில் டி.வி. ரிப்பேர் என்றாலும் படியேறித்தான் போவார். கேட்டால், உடம்புக்கு நல்லது என்பார்.

டெஸ்டரை ஓட்டைக்குள் விட்டுத் திருகினார். அது மெலிசு; சுற்றியதே தவிர எதையும் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். டெஸ்டர் வளைந்தது. கீல்கள் வெளிப்பக்கம் இருந்தன. கதவில் தோளால் மோதினார். ஸ்பான்ஜ் ஒட்டிய கதவு மெத்தையைப் போல வாங்கிக்கொண்டது. மாப்பிள்ளை கத்தினார். இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். கத்தி முடித்ததும் அறை முன்னைவிட அமைதியாக இருந்தது.

கைக்கடிகாரத்தில் மணி பத்து ஐம்பது.

"தங்கச்சி எத்தன மணிக்கு வருவா?"

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து கம்பளத்தைப் பார்த்தார். "வருவா."

"எத்தன மணிக்குன்னு கேட்டேன்."

"வீட்டு வேலைக்கு ஒரு அம்மா வருவாங்க. பன்னெண்டு மணிக்கு."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம."

"ஆமால்ல," என்றார் மாப்பிள்ளை. குரல் இறங்கிப்போயிருந்தது. "ஞாயித்துக்கெழம வரமாட்டாங்க."

அறை சூடாகிக்கொண்டிருந்தது. ரிசீவரின் சூடு, விளக்கின் சூடு, இரண்டு ஆட்களின் சூடு எல்லாம் போக இடமில்லாமல் அங்கேயே சுற்றின. ஃப்யூஸ் அண்ணன் சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றினார். 

"மாப்பிள்ள, எம் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. அவ எங்க?"

மாப்பிள்ளை சொல்லிவிட்டார். தங்கை போய் ஆறு நாள் ஆகிறது. மகளையும் கூட்டிக்கொண்டு, கூடப் படித்த தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான்கு மணி நேர பஸ் பயணம். அவள் கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, குக்கர் விசிலுக்கும் மிக்ஸி சத்தத்துக்கும் நடுவே இரண்டு வருஷமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த அறையைத் தருவதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அவள் ஒரு வாரம் பயிற்சிக்காக வெளியூர் போய்த் திரும்பியபோது அறை இப்படி ஆகியிருந்தது.

"ஜன்னல மட்டுமாவது தொறந்து விடுங்கன்னு கேட்டா. கல் வச்சுக் கட்டியாச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டேன். மறுபேச்சுப் பேசல. அடுத்த நாள் துணிய எடுத்து வச்சா."

"எங்கிட்ட அவ ஒரு வார்த்த சொல்லலையே. முந்தாநேத்துகூடப் பேசினா."

"உங்ககிட்டச் சொன்னா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியாதா மச்சான்? எங்க வீட்டுப் பேச்ச எடுத்தாலே நீங்க போன வச்சுடுவீங்களாம்."

ஃப்யூஸ் அண்ணன் தரையில் உட்கார்ந்தார். அது உண்மைதான். மாப்பிள்ளை பேச்சு வந்தால், 'கடைக்கு ஆள் வந்துடுச்சு' என்று வைத்துவிடுவார். மூன்று வருஷம் மாப்பிள்ளையை ஒதுக்கி வைத்திருந்ததாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒதுக்கலுக்குள் தங்கையும் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது இந்தப் புழுக்கத்தில்தான் உறைத்தது.

"அப்ப அவ என்னக் கூப்பிடச் சொன்னதும் பொய்யி."

"ரிப்பேர் நிஜம்தான் மச்சான். ஆனா உங்ககிட்டப் பேசணும்னுதான் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

"நல்லா ஆரம்பிச்சீங்க போங்க."

 ஃப்யூஸ் அண்ணனுக்குச் சுவர்கள் கிட்டே வருவது போலிருந்தது. கண்ணை மூடினால் இன்னும் மோசம். எதையாவது கையில் எடுத்துச் செய்தால் ஒழிய இதிலிருந்து தப்பமாட்டோம் என்று தோன்றியது. ஊஃபர் அடித்தபோது அடிவயிறு அதிர்ந்தது நினைவுக்கு வந்தது.

"மாப்பிள்ள, ஸ்பான்ஜ் பேச்சுச் சத்தத்தத்தான் பிடிக்கும். ஊஃபர் அதிர்வு தரை வழியா, சுவர் வழியாப் போகும். அந்த நர்ஸம்மா இப்ப மாடியிலதானே தூங்கறாங்க?"

"ஆமா."

"எழுப்புவோம். நாலாவது தடவையும் சண்டைக்கு வரட்டும். வாசக்கதவு பூட்டியிருக்கா?"

"சாத்தித்தான் இருக்கு."

ஆனால் சத்தத்தைக் கூட்டினால் இருபது நொடியில் ரிசீவர் நின்றுவிடுகிறது. திரும்ப உயிர் வர ஐந்து நிமிஷம் ஆகிறது. இருபது நொடி அதிர்வைத் தூக்கத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். விடாமல் அடிக்க வேண்டும். அதற்குக் கோளாறைப் பிடிக்க வேண்டும்.

இரண்டு பேரும் சேர்ந்து அலமாரியை முன்னால் இழுத்தார்கள். ரிசீவரின் முதுகில் சிவப்பும் கறுப்புமாக வயர்கள். ஃப்யூஸ் அண்ணன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டினார். முன் இடது, நன்றாக ஓடியது. முன் வலது, நடு, பின் இடது, பின் வலது எல்லாம் முழுச் சத்தத்தில் ஓடின. ஊஃபரும் தனியாக ஓடியது. ஒன்றும் நிற்கவில்லை. அத்தனையையும் சேர்த்து மாட்டினார். இருபது நொடி. டக். ப்ரொடெக்ட்.

"தனித்தனியாக் கேட்டா எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க," என்றார் ஃப்யூஸ் அண்ணன். "ஒண்ணாச் சேத்தாத்தான் வம்பு."

சொல்லிவிட்டுத் தன்னையறியாமல் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். வியர்வை அவர்கள் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டரை. குடிக்கத் தண்ணீர் இல்லை. மாப்பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது. சிரிப்பு நின்றதும் காற்று இன்னும் கெட்டியாகிவிட்டது போலிருந்தது. ஃப்யூஸ் அண்ணன் கதவுக்குப் போய் அந்தச் சதுர ஓட்டையில் மூக்கை வைத்து இழுத்தார். ரப்பர் வாசனையோடு ஒரு துளி காற்று வந்தது. அதை அவர் இதற்கு முன்பும் இரண்டு முறை செய்திருந்தார், மாப்பிள்ளை பார்க்காதபோது. இந்த முறை மறைக்கவில்லை.

திரும்ப வந்து யோசித்தார். ஊஃபர் அடிக்கும்போது ஏதோ ஒரு இடத்தில் சுவர் ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் ஒரு வயர் எதன் மேலோ உரசுகிறது. ஊஃபரை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கூடச் சேர்த்து ஓட்டினார். பின்பக்க வலது ஸ்பீக்கரைச் சேர்த்ததும் நின்றது. ஐந்து நிமிஷம் பொறுத்து இன்னொரு முறை பார்த்தார். திரும்பவும் நின்றது.

"இதுதான். இந்த வயர் எப்படிப் போகுது?"

"ஸ்பான்ஜுக்கு அடியில."

"பிய்க்கணும்."

"வேண்டாம் மச்சான். அந்த ஸ்பீக்கர விட்டுட்டு மத்ததப் போட்டு அடிப்போம். அது போதாதா?" மாப்பிள்ளை அவசரமாகச் சொன்னார்.

அது போதும்தான். ஆனால் முப்பது வருஷத் தொழில் புத்தி, காரணத்தைக் கண்ணால் பார்க்காமல் விடாது. ஃப்யூஸ் அண்ணன் ஸ்பான்ஜின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். வயர் தெரிந்தது. அதன் நடுவில், இரண்டு கம்பிக்கும் இடையே, விரல் நகம் அளவுக்கு ஒரு ஆணி ஏறியிருந்தது.

"ஸ்பான்ஜ் அடிக்கும்போது வயர் மேலேயே அடிச்சிருக்கீங்க," என்றவர் நிறுத்தினார். ஆணியை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆடியது. கல் சுவரில் இத்தனூண்டு ஆணி இறங்காது. இறங்கினாலும் ஆடாது. முட்டியை மடக்கிச் சுவரில் தட்டினார்.

டொக் டொக் என்றது.

மெதுவாகத் திரும்பினார். மாப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை.

"இது பலகை."

இன்னொரு முறை தட்டினார்.

"மாப்பிள்ள, இதுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"ஜன்னல்."

இரண்டு மணி நேரம். தொண்டை கிழியக் கத்தியது, தோள் நோக மோதியது, ஓட்டையில் மூக்கை வைத்து மூச்சு வாங்கியது எல்லாம் ஃப்யூஸ் அண்ணன் கண் முன்னால் வந்து போயின. மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

"செத்துருப்போம்யா! வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"கல்லுன்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன் மச்சான்." மாப்பிள்ளை காலரை விடுவித்துக்கொள்ள முயலவில்லை. "பலகைன்னா ஒரு நாள்ல கழட்டிடலாமேன்னு கேப்பா. அதான் கல்லுன்னேன். அந்த ஒரு பொய்யாலதான் அவ போனா. இப்ப உங்க முன்னால இதத் தொறந்தா உங்களுக்குத் தெரிஞ்சுடும். உங்களுக்குத் தெரிஞ்சா அவளுக்குத் தெரிஞ்சுடும். யாராவது வந்து கதவத் தொறந்துடுவாங்க, வந்துடுவாங்கன்னே பாத்துட்டிருந்தேன்."

அவர் அழுதுகொண்டிருந்தார். அந்த அறையில் அழுகைக்கும் எதிரொலி இல்லை. ஃப்யூஸ் அண்ணனின் கை தானாகத் தளர்ந்தது. திட்டுவதற்கு வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் திட்டுவதற்கும் காற்று வேண்டும்.

"அப்புறமா அழுங்க. அந்த ஸ்டாண்ட எடுங்க."

பின் ஸ்பீக்கர் நிற்கும் இரும்பு ஸ்டாண்டைத் தலைகீழாகத் திருப்பி, அதன் தட்டைப் பலகையின் விளிம்பில் கொடுத்து நெம்பினார்கள். முதலில் ஸ்பான்ஜ் கிழிந்தது, பிறகு பலகை கிரீச்சிட்டது. மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து ஒட்டிய சுவரைத் தன் கையாலேயே பிய்த்தார், நகத்தில் ரத்தம் வருவதுகூடத் தெரியாமல். பலகைக்குப் பின்னால் பஞ்சு. பஞ்சுக்குப் பின்னால் பழைய கண்ணாடி ஜன்னல், தாழ்ப்பாளோடு. ஃப்யூஸ் அண்ணன் தாழ்ப்பாளை நீக்கித் தள்ளினார்.

வெயிலும் காற்றும் ஒன்றாக முகத்தில் அடித்தன. வெளியே கம்பி போட்டிருந்ததால் ஆள் நுழைய முடியாது. ஆனால் காற்று நுழையும், குரல் போகும். ஃப்யூஸ் அண்ணன் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் யாரோ வாளியைத் தரையில் வைத்த சத்தம் கேட்டது.  கத்தியது மாப்பிள்ளைதான்.

"நர்ஸம்மா! நர்ஸம்மா!"

மேலே ஒரு கதவு திறந்தது. "இப்ப ஜன்னல வேற தொறந்து வச்சுக்கிட்டுக் கத்தறீங்களா? காலையிலேருந்து கட்டில் ஆடுது! மனுஷி தூங்க வேண்டாமா?"

"உள்ள மாட்டிக்கிட்டோம்மா! வாசக்கதவு சும்மா சாத்தித்தான் இருக்கு. வந்து கதவத் தொறங்க, புண்ணியமாப் போகும்!"

நர்ஸம்மா திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். கீழே கிடந்த கம்பியை எடுத்து ஓட்டையில் செருகித் திருகினார். கதவு திறந்தபோது தூக்கக் கலக்கத்தோடு இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். திட்டு நின்றது. இருவரையும் தரையில் உட்காரவைத்து நாடி பிடித்துப் பார்த்தார். சமையலறையில் புகுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கொஞ்சங்கொஞ்சமாக் குடிங்க. பெரியவரே, உங்களுக்குத்தான் ரொம்பப் படபடன்னு இருக்கு. ஆழமா மூச்சு விடுங்க. அவ்வளவுதான், ஒண்ணுமில்ல."

அவர் மாடிக்குப் போன பிறகு மாப்பிள்ளை கூடையிலிருந்து போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவகிட்ட நீங்க சொல்லிடுவீங்களா மச்சான்?"

"நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க. இப்பவே. நான் தெருவுல நிக்கறேன்."

ஃப்யூஸ் அண்ணன் தெருவில் நின்றார். வீட்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது, வார்த்தை புரியவில்லை. பேச்சைவிட நடுவில் இருந்த மௌனம்தான் நீளமாக இருந்தது. வெகுநேரம் கழித்து மாப்பிள்ளை வாசலுக்கு வந்து போனை நீட்டினார். அவர் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அண்ணா," என்றாள் தங்கை. "நீங்க எதுக்கு அந்த வீட்டுக்குப் போனீங்க?"

"நீ கூப்பிட்டேன்னு சொன்னாரு. அதான் வந்தேன்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்பண்ணா சொல்றது? கடைக்கு ஆள் வர்றதுக்கு முன்னாலயா, வந்த பின்னாலயா?"

 வெயில் சுள்ளென்று தலையில் அடித்தது. நகர்ந்து நிற்கத் தோன்றவில்லை.

"நாளைக்குக் கடை லீவு," என்றார். "பஸ் ஏறி வரேன். உன்னையும் பாப்பாவையும் பாக்கத்தான். யாருக்காகவும் பேச வரல. நீ திரும்பி வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

"சரி," என்றாள். பிறகு, "அந்த ஜன்னல் இன்னும் தொறக்குதா? நெசமாவே?" என்று கேட்டாள்.

"இடதுபக்கக் கதவு கொஞ்சம் இறுக்கமா இருக்கு. மத்தபடி தொறக்குது."

"நானே வந்து பாக்கறேன்," என்றாள் அவள். எப்போது என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பதினோராம் நாள் ஜன்னலைப் பார்க்க வந்தாள், மகளைத் தோழி வீட்டிலேயே விட்டுவிட்டு, கையில் சின்னப் பை ஒன்றோடு.